புதன்கிழமைக் கோளாறு

புதன்கிழமை. காலை 7.20.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிச் சாலை இடப்பக்கம் வளைந்து இறங்கும் இடத்தில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டிவந்த இளைஞன் பத்தடி தள்ளி, பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் கிடந்தான். தலைக்கவசம் கழலவில்லை. கழுத்துதான் மடங்கியிருந்தது.

முதலில் பார்த்தவர் பால் வண்டி ஓட்டுநர். அவர் பிறகு சொன்னவை மூன்றே விஷயங்கள். ஸ்கூட்டர் வேகமாக வரவில்லை. முன்னும் பின்னும் வேறு வண்டி இல்லை. வளைவில் திரும்பியதும் யாரோ காலை வாரிவிட்டதுபோல வண்டி படுத்துவிட்டது.

7.50க்குக் காவல் அதிகாரி வந்தார். காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேட்டின் உச்சியிலிருந்தே சாலையில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரக் கோடு ஓடி வந்திருந்தது. பின் டயர் பளபளத்தது. குனிந்து பார்த்தார். பின்சக்கரத்தை ஒட்டியிருந்த கியர் பெட்டியின் அடியில், எண்ணெய் வடிக்கும் போல்ட் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

“கையால சுத்தினாலே சுத்துது,” என்றார் பக்கத்தில் நின்ற காவலரிடம். “எந்த மகராசன் ரிப்பேர் பண்ணானோ.”

அந்த மகராசன் அரை மணிக்குள் வந்து சேர்ந்தான். ஆறடிக்கு மேல் உயரம். ஊரே அவனை நெட்டை என்றுதான் கூப்பிடும். ஸ்கூட்டருக்கு அடியில் அவன் மடங்கி உட்காரும் அழகைப் பார்த்து, நாற்காலியை மடக்கி வைத்தாற்போல என்று சிரிப்பார்கள். பட்டறையில் பதினொரு வண்டி நிற்க, அவன் இரண்டு கிலோமீட்டரும் ஓடியே வந்திருந்தான். இறந்தவனும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒரே வருஷம் பெயிலானவர்கள்.

நெட்டை முதலில் உடலருகே போகவில்லை. வண்டியருகே மண்டியிட்டு அந்தப் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நடுச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“திங்கக்கிழமை நான்தான் சார் முடுக்கினேன்,” என்றான். “முடுக்கினேன்னு நெனச்சேன்.”

அதிகாரிக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை. காலை 10.10.

உயிர் போன விபத்தென்றால் வண்டியை அரசாங்க வாகனப் பரிசோதகர் பார்த்து ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். அது சட்டம். அந்தப் பரிசோதகர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, குள்ளம், அதிகம் பேசமாட்டார். மற்றவர்கள் கைப்பையில் முகம் பார்க்கக் கண்ணாடி வைத்திருப்பார்கள். இவர் கைப்பிடி போட்ட கண்ணாடி ஒன்று வைத்திருந்தார், வண்டிகளின் வயிற்றைப் பார்க்க.

காவல் நிலையத்துப் பின்கட்டில் ஸ்கூட்டர் நின்றது.

“ஒரு வரி போதும் மேடம்,” என்றார் அதிகாரி. “‘போல்ட் சரியாக முடுக்கப்படவில்லை.’ மெக்கானிக்கே ஒத்துக்கிட்டான். பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி.”

“யாரோட பால்ல?” என்று கேட்டுவிட்டு, பரிசோதகர் ஒரு சாக்கை விரித்துத் தரையில் படுத்தார்.

இருபது நிமிடம் எழவில்லை. கியர் பெட்டியின் வெளிப்புறம் முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. ஒரு வெள்ளைத் தாளை மடித்து அதை ஓரிடத்தில் அழுத்தி வழித்தார். மேலே எண்ணெய் வந்தது. அதற்கு அடியிலிருந்து வெளுத்த பசைபோல ஏதோ வந்தது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். நறநறத்தது. தாளை மடித்து ஒரு உறையில் போட்டுக்கொண்டார்.

பிறகு போல்ட்டைக் கழற்றினார். அதன் தலைக்கு ஆறு மூலை. நான்கு மூலைகள் புதிதுபோலக் கூராக இருந்தன. எதிரெதிரான இரண்டு மட்டும் நசுங்கி, உலோகம் பளிச்சென்று தெரிந்தது. மீதி எண்ணெயை வடித்து அளந்தார். இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே மிச்சம் இருந்தது. இன்னும் முன்னால், எஞ்சினுக்கு அடியில், எஞ்சின் ஆயில் வடிக்கும் போல்ட் வேறாக இருந்தது. அதைச் சுற்றி மெல்லிய கம்பியைச் சீராக முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அது அசையவில்லை.

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்.

“எனக்கு ரெண்டு நாள் வேணும்.”

“எதுக்கு மேடம்? நெருப்பில்லாம புகையுமா?”

“நெருப்பு இருக்கு சார். அடுப்பு எதுன்னு பாக்கணும்.”

வியாழக்கிழமை. பகல் 12.30.

நெட்டையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டிருந்தார்கள். பட்டறைக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தான். அன்று காலையில் மட்டும் நான்கு பேர் வந்து, வேலை பாதியில் இருந்த வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். ஒருவர் போகும்போது எதுவும் சொல்லாமல் தன் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொட்டுப் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது அவனுக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் செய்தார் என்பதுபோலச் சொன்னான்.

பரிசோதகர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“திங்கக்கிழமை என்ன வேலை?”

“பின்சக்கரத்து ஆயில் சீல் கசிஞ்சுது. தேஞ்சு போச்சு, மாத்தினேன். பிரேக் ஷூ எண்ணெய்ல ஊறியிருந்துச்சு, அதையும் மாத்தினேன். கியர் ஆயில் புதுசு ஊத்தினேன்.”

“அப்புறம்?”

“பெட்டியை பெட்ரோல் போட்டு சுத்தமாத் தொடச்சேன். திரும்பக் கசிஞ்சா உடனே தெரியணும்ல.”

“போல்ட்டை எதால முடுக்கினீங்க?”

அவன் எழுந்து ஒரு ரிங் ஸ்பேனரை எடுத்து நீட்டினான். போல்ட்டின் தலையை வளையம்போல முழுக்கக் கவ்வும் வகை. “இதைத் தவிர வேற எதையும் அதுல வைக்கமாட்டேன். மூலை தேயும்.”

“முடுக்கினது ஞாபகம் இருக்கா?”

அன்று நடந்ததைத் திரும்ப நினைத்துப் பார்த்தான். வேலை முடியும் நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தது. சின்ன மகளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. பேசிக்கொண்டே எழுந்து வெளியே போனான். திரும்பி வரும்போது சிநேகிதன் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தான். போன் வந்தது கடைசிச் சுற்று முடுக்குவதற்கு முன்னாலா, பின்னாலா? நேற்றிலிருந்து அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான்.

“கேக்கக் கேக்க, முடுக்கலைன்னுதான் மேடம் தோணுது,” என்றான்.

பரிசோதகர் அவனுடைய நோட்டைக் கேட்டு வாங்கினார். மருத்துவர் எழுதுவதுபோல ஒவ்வொரு வண்டிக்கும் தேதி போட்டு, நோயையும் மருந்தையும் எழுதி வைத்திருந்தான். சிநேகிதனின் ஸ்கூட்டர் ஐந்து வாரத்தில் நான்கு முறை வந்திருந்தது. முதல் முறை: கிளம்பவில்லை, பிளக் கேப் கழன்றிருந்தது. இரண்டாம் முறை: முன் டயரில் காற்று இல்லை, பஞ்சரும் இல்லை, வால்வு பின் லூஸ். போன வாரம்: அடியில் ஆயில் குளம், எஞ்சின் போல்ட் லூஸ், புது வாஷர், கம்பி கட்டினேன். நான்காவதுதான் இந்தத் திங்கட்கிழமை வேலை.

“முதல் மூணும் எங்க பாத்தீங்க?”

“அவன் வீட்டு வாசல்ல. காலைல ஏழு மணிக்கு போன் பண்ணுவான், நான் போவேன். வண்டிக்குக் கண்ணு பட்டிருச்சு மாப்ளன்னு சிரிப்பான்.”

“கம்பி எதுக்குக் கட்டினீங்க?”

“டைட்டா வெச்ச போல்ட்டு தானா கழண்டிருக்கு. மறுபடி கழலக்கூடாதுன்னு.”

சுவரில் நாட்காட்டி தொங்கியது. பரிசோதகர் நோட்டைப் பார்த்துக்கொண்டே அதில் விரலை வைத்தார். மூன்று தேதிகளும் ஒரே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. புதன். புதன். புதன்.

வெள்ளிக்கிழமை. பகல் 2.15.

இறந்தவன் வேலை பார்த்தது சுண்ணாம்புக்கல் அரைக்கும் ஆலையில். வாசலில் இறங்கியதுமே பரிசோதகரின் செருப்பு வெளுத்துவிட்டது. மரம், சுவர், காவலாளியின் மீசை, எல்லாவற்றின்மேலும் மாவு பூசினாற்போல வெள்ளைத் தூசி. நின்றிருந்த சைக்கிள்களின் சக்கரக்கம்பிகள்கூட வெளுத்திருந்தன. அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவரும் இப்போது கூடவே வந்திருந்தார். ஏனென்றால் ஒரு புதுச் செய்தி கிடைத்திருந்தது.

புதன்தோறும் அந்த இளைஞன் விடுப்புப் போட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போய் வந்திருக்கிறான். கப்பலில் வெல்டர் வேலைக்கு எட்டு மணிக்குப் பயிற்சி வகுப்பு. இந்தப் புதன்கிழமைதான் இறுதித் தேர்வு. அதே தேர்வை இதே ஆலையில் இன்னொருவனும் எழுதினான். எடுக்கப்போவது ஒரே ஒருவரை.

“ஒரு நாற்காலி, ரெண்டு ஆளு,” என்றார் அதிகாரி. “போதாதா?”

அந்த இன்னொருவனைச் சுருட்டை என்பார்கள், முடி அப்படி. தூக்கமில்லாத கண்களோடு வந்து நின்றான். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்குத் தான் அந்த வீட்டுக்குப் போனதை மறைக்கவில்லை.

“எதுக்குப் போனே?” அதிகாரிதான் கேட்டார்.

“சேர்ந்து படிக்க.”

“போட்டிக்காரங்க சேர்ந்து படிப்பாங்களா?”

“நாங்க படிச்சோம் சார்.”

“வண்டி எங்க இருந்துச்சு?” இது பரிசோதகர்.

“வாசல்ல. அதுலதான் சாஞ்சு உக்காந்திருந்தோம். நான் கேள்வி கேப்பேன், அவன் பதில் சொல்லுவான். அவங்க அக்கா ரெண்டு மூணு தடவை வந்து எட்டிப் பாத்தாங்க, சாப்பிட வாங்கன்னு. ஏழு மணி வரைக்கும் நாங்க எழுந்திரிக்கலை.”

அங்கிருந்து நேரே ஆலைக்கு வந்திருக்கிறான். இரண்டு மாதமாக அவனுக்கு இரவு வேலை. வாசல் பதிவேட்டைப் பரிசோதகர் புரட்டினார். அந்தச் செவ்வாயும் அதற்கு முந்தைய செவ்வாய்கள் எல்லாமும் இரவு எட்டுக்கு உள்ளே, காலை ஆறுக்கு வெளியே. வெளியே வந்த கையோடு ஆறேகால் பேருந்து பிடித்துத் துறைமுகத்துக்குப் போய்விட்டான். நடந்தது அவனுக்குத் தெரிந்தது தேர்வு முடிந்து, பகலில்.

“மூணு வகுப்பு போச்சு அவனுக்கு. ஒவ்வொரு தடவையும் வண்டி மக்கர். இன்னொரு நாள் போகலைன்னா பேரை அடிச்சிடுவாங்க. பாஸாகிட்டா மூணு வருஷம் கப்பல்.”

“வீட்ல தெரியுமா?”

“அக்காகிட்ட சொல்லலை. ஆர்டர் கைக்கு வரட்டும்னான். அவங்க அப்பா கப்பலுக்குப் போனவராம். மூணு கடுதாசி வந்துச்சாம். நாலாவது வரலையாம்.”

அவன் போகத் திரும்பினான். பிறகு நின்றான்.

“நான் பாஸ் பண்ணிட்டேன் மேடம். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.”

சனிக்கிழமை. மாலை 4.00.

சின்ன வீடு. கம்பிக் கதவுக்குள் சிமெண்ட் வாசல், அடுத்து முன்னறை, அதற்குப் பின்னால் சமையலறை. வீட்டில் இருந்தது இரண்டே பேர், அக்காவும் தம்பியும். அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தாயும் போய்விட்டாள். அப்போது அக்காவுக்கு இருபத்திரண்டு. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்தே அவனை ஆளாக்கினாள். முன்னறையில் இரும்புக் கால்களோடு தையல் மெஷின் நின்றது. அதன் ஊசிக்கடியில் ஒரு நீலச் சட்டை, ஒரு கை தைத்து, இன்னொரு கை தைக்காமல் கிடந்தது.

வாசல் படியில் நெட்டை உட்கார்ந்திருந்தான். நான்கு நாளாகத் தினமும் வருகிறான், உட்காருகிறான், போகிறான் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அக்கா அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். மெலிந்த உடம்பு. கண்ணில் ஈரமே இல்லை. அழுது முடித்த கண்ணும் அப்படித்தான் இருக்கும், அழ முடியாத கண்ணும் அப்படித்தான் இருக்கும்.

பரிசோதகர் உட்காராமல் வாசல் தரையைப் பார்த்தார். போன வாரத்து எஞ்சின் ஆயில் தட்டளவு கறுப்பாகக் காய்ந்திருந்தது. ஒன்றரை அடி தள்ளி, பின்சக்கரம் நிற்கும் இடத்தில், புதிதாக மூன்று சொட்டுகள். நாலாவதைத் தேடினார். இல்லை.

உள்ளே வந்தார். மெஷின் பலகையில் கத்தரிக்கோல், எண்ணெய்க் குப்பி, நூல்கண்டுகள், ஒரு சிறிய ஸ்பேனர்.

“மெஷினை நீங்களே கழட்டி மாட்டுவீங்களா?”

“ஆமாங்க. ஆளைக் கூப்பிட்டா ரெண்டு நாள் கழிச்சு வருவாங்க.”

பரிசோதகர் நெட்டையை உள்ளே அழைத்தார். அவன் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, கதவோரம் தரையில் உட்கார்ந்தான். பரிசோதகர் முதலில் அவனிடம்தான் பேசினார்.

“நீங்க முடுக்கினீங்க,” என்றார். “அது நிச்சயம்.”

உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவன் முன்னால் விரித்தார். ஓர் ஓரத்தில் எண்ணெய்க் கறை, அதன் அடியில் காய்ந்த வெள்ளைக் கோடு. எல்லோரும் எண்ணெயைப் பார்த்தார்கள், எண்ணெய்க்கு அடியில் என்ன என்று யாரும் பார்க்கவில்லை என்றார். திங்கட்கிழமை மாலை அவன் பெட்ரோல் போட்டுத் துடைத்தபோது அந்தப் பெட்டி கண்ணாடிபோல இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை வண்டி ஆலைக்குப் போய் வந்தது. வெள்ளைத் தூசி படிந்தது. திங்கட்கிழமையே போல்ட் தளர்வாக இருந்திருந்தால் எண்ணெய் முதலில் வந்திருக்கும், அதன்மேல் தூசி ஒட்டியிருக்கும். இங்கே தூசி அடியில் இருக்கிறது, எண்ணெய் மேலே இருக்கிறது. செவ்வாய் முழுக்க அந்தப் பெட்டி காய்ந்துதான் இருந்தது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. செவ்வாய் மாலைக்கும் புதன் காலைக்கும் நடுவில் யாரோ அதைத் திருகியிருக்கிறார்கள்.

நெட்டை அந்தத் தாளைக் கையில் எடுத்தான். திருப்பிப் பார்த்தான். நான்கு நாளாகக் காதோடு ஒட்டியிருந்த அவன் தோள்கள் மெல்ல இறங்கின.

“அப்ப அந்தச் சுருட்டை?” என்றார் அதிகாரி.

“மாலைல அவன் உக்காந்திருந்தப்ப பக்கத்துலயே வண்டிக்குச் சொந்தக்காரரும் இருந்தார். ராத்திரி பூரா ஆலைல இருந்தான். அவன் இல்ல.”

பரிசோதகர் இப்போதுதான் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. இது ஒரு நாள் வேலை அல்ல என்றார். பிளக் கேப், டயர் காற்று, எஞ்சின் ஆயில், எல்லாம் புதன்கிழமை, எல்லாம் இந்த வாசலில், எல்லாம் விடிவதற்குள்.

“கொல்ல நினைக்கிறவங்க பிளக் கேப்பைக் கழட்டமாட்டாங்க. பிரேக் கம்பியை அறுப்பாங்க. இங்க நடந்ததெல்லாம் வண்டி கிளம்பக்கூடாதுன்னு செஞ்ச வேலை. ஆளைப் போகவிடாம நிறுத்தற வேலை. அப்படி ஒருத்தரை நிறுத்தணும்னா, அவர் மேல உயிரா இருக்கணும்.”

பரிசோதகர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் குடுங்கம்மா.”

அக்கா எழுந்தாள். மெஷின் பலகையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். அது வளையம் இல்லாத, வாய் திறந்த ஸ்பேனர். மெஷின் காலின் போல்ட்டுகளுக்கானது. பரிசோதகர் கைப்பையிலிருந்து அந்தப் போல்ட்டை எடுத்து அதில் பொருத்தினார். இரண்டு நசுங்கிய மூலைகளும் ஸ்பேனரின் இரண்டு உதடுகளிலும் போய் உட்கார்ந்தன. இப்படிப்பட்ட வாய்தான் இரண்டு மூலையை மட்டும் கடிக்கும் என்றார்.

அக்கா மறுக்கவில்லை. யாராவது கேட்கட்டும் என்று நான்கு நாளாகக் காத்திருந்தவள்போலப் பேசினாள்.

தம்பியின் சட்டையில் பட்டன் தைக்கும்போதுதான் பையில் அந்த விண்ணப்பத்தைப் பார்த்தாளாம். கப்பல் என்ற ஒரு சொல்தான் முதலில் கண்ணில் பட்டது, அதன்கீழ் புதன்கிழமை வகுப்பு என்று இருந்தது. அன்றிரவு சாப்பாடு போடும்போது அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் அதிகாரி.

“சொன்னா நின்னிருப்பான் சார். அதான் சொல்லல.”

தான் சொல்லி அவன் நின்றால், ஆயுள் முழுக்க அது அவளால் நின்றதாகிவிடும். வண்டி சொல்லி நின்றால் யார் மேலும் பழி இல்லை. அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். முதல் முறை அந்தக் கேப் எதற்கென்றுகூடத் தெரியாது. பிடித்து இழுத்தாள், வந்துவிட்டது. போன வாரம் அவன் வேலைவிட்டு வந்து குளிக்கப் போன நேரத்தில் அடியில் இருந்த போல்ட்டைத் திருகினாள். காலையில் குளமாக எண்ணெய். இந்த முறை தம்பியும் சுருட்டையும் வண்டியைவிட்டு நகரவே இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்தாள். பழைய போல்ட்டில் கம்பி கட்டியிருந்தது. கையால் தடவிப் பார்த்ததில், கொஞ்சம் பின்னால் அதே அளவில் இன்னொன்று அகப்பட்டது. அது எது, அதற்கு அடுத்து என்ன சுற்றுகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

“கம்பியை நான்தான் கட்டினேன்,” என்றான் நெட்டை, யாரிடம் என்றில்லாமல்.

போன வாரம் எஞ்சின் சூடாக இருந்தது, எண்ணெய் தண்ணீராக ஓடியது என்று பரிசோதகர் விளக்கினார். இது கியர் ஆயில், இயல்பிலேயே கெட்டி. இரவெல்லாம் ஆறிய பெட்டியில் தேன்போல உறைந்து நின்றிருக்கும். திருகியபோது மூன்று சொட்டுதான் விழுந்தது. வண்டி ஓடி, சூடேறி, அதிர்வில் போல்ட் இன்னும் தளர்ந்த பிறகே எண்ணெய் இளகிச் சக்கரத்தில் கொட்டியது. வளைவுக்கு வரும்போது டயர் முழுக்க எண்ணெய்.

“ஏழு மணிக்கு வெளிய வந்து பாத்தேன்,” என்றாள் அக்கா. “தரைல ஒண்ணுமே இல்ல. கழலலை போலன்னு நெனச்சேன். சத்தியமா சொல்றேங்க, அப்ப எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. போகட்டும், எழுதட்டும், என்ன ஆனாலும் ஆகட்டும்னு. பரிட்சையை நல்லா எழுதுடான்னு சொல்லிட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?” என்றார் பரிசோதகர்.

“திடுக்குன்னு திரும்பினான். உனக்குத் தெரியுமான்னான். தெரியும்னேன். சிரிச்சுட்டான். சாயங்காலம் வந்து எல்லாம் சொல்றேன்க்கான்னு கையை ஆட்டிட்டுப் போனான்.”

அவள் தைக்காத சட்டைக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

நெட்டை எழுந்து நின்றான்.

“நாலு நாளா வந்து உக்காந்திருந்தேன்,” என்றான். “தண்ணி குடுத்தீங்க.”

“உன் முகத்தைப் பாத்தா வாய் வரலைப்பா.”

அவன் குனிந்து நிலைப்படியைத் தாண்டி வெளியே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

4.50. தெருவில் அதிகாரி பரிசோதகரைத் தனியாக நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். இப்படிக் குரல் தாழ்ந்து அவர் பேசியதில்லை.

“மேடம், போல்ட் தானாக் கழண்டதுன்னு எழுதிட்டா என்ன? அந்தம்மாவுக்கு இதுக்குமேல தண்டனை வேற எதுக்கு?”

“தானாக் கழண்டுச்சுன்னா, முடுக்கின கை யாருதுன்னுதான் சார் கேப்பாங்க.”

அதிகாரி தெருமுனையைப் பார்த்தார். நெட்டை போய்க்கொண்டிருந்தான். எதிரே வந்த ஒருவர் அவனைக் கண்டதும் தெருவின் மறுபக்கத்துக்கு ஒதுங்கினார்.

உள்ளிருந்து அக்கா வந்தாள். வீட்டைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்திருந்தாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். பரிசோதகர் ஜீப்பின் முன்மூடியில் தாளை வைத்து நின்றபடியே அறிக்கையை எழுதினார். வழக்கமாக ஒரு வரியில் முடியும் தாள் அன்று இரண்டு பக்கமும் நிறைந்தது.

ஐந்து மாதம் கழித்து வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. அதற்குள் நெட்டையின் பட்டறைக்கு வண்டிகள் திரும்பியிருந்தன. நடந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வேலை முன்போல ஓடவில்லை. முடித்த வண்டியைக் கொடுத்துவிட்டு, உரிமையாளர் தெருமுனை போவதற்குள் ஓடிப்போய் நிறுத்தி, மறுபடி குனிந்து பார்ப்பான். ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு வழக்கறிஞர் வைத்தது அவன்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. அவன் அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஐந்து மாதமும் அவளைப் போய்ப் பார்க்கவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை. காலை 11.40. அவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். கூண்டின் கட்டை அவன் இடுப்புக்குத்தான் வந்தது. எதிர்க்கூண்டில் அக்கா நின்றாள், தலை நிமிராமல். பின்பெஞ்சில் வாகனப் பரிசோதகர் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

அரசாங்க வழக்கறிஞர் பெயர், வயது, தொழில் கேட்டார். பிறகு எல்லாச் சாட்சிகளிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

“குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு?”

வழக்கறிஞர் மறுபடி கேட்டார். எழுத்தரின் பேனா தாளுக்குமேல் நின்றது. நெட்டை முதல்முறையாக எதிர்க்கூண்டைப் பார்த்தான். அங்கே மெலிந்து, இன்னும் மெலிந்து, ஒரு பெண் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா,” என்றான்.

“கூடப் பிறந்தவரா?”

“இல்லைங்க.”

“பின்னே?”

“அக்காதான்.”

வழக்கறிஞர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி எழுத்தரைப் பார்த்துத் தலையை அசைத்தார். உறவு என்ற இடத்தில் எழுத்தர், சகோதரி என்று எழுதினார்.